மாமாவுக்குக் கிடைத்த இரண்டு வருட லீவு

உலகத்தில் வேறு எந்தக் காலேஜ் மாணவனுக்கும் கிடைக்காத லீவு என் மாமாவுக்குக் கிடைத்தது. அம்மாவுக்கு ஒரே தம்பி அவர். சிங்கப்பூரில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தார். வருடக் கடைசி லீவுக்கு மூன்று வாரம் அக்கா வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம் என்று, ஒரு தகரப் பெட்டியோடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து இறங்கினார். அவர் வந்த அதே வாரத்தில் ஜப்பான்காரனும் வடக்கே கோத்தாபாருக் கடற்கரையில் வந்து இறங்கினான். கோலாலம்பூர் விழுந்தது, பிறகு சிங்கப்பூரும் விழுந்தது, காலேஜை இழுத்து மூடிவிட்டார்கள். லீவு மட்டும் முடியவே இல்லை.

அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாம் "என் தம்பி டாக்டர்" என்று சொல்லி வைத்திருந்தாள். வயிற்று வலி, சொறி, பல்வலி என்று ஆட்கள் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். மாமாவுக்குக் கூச்சம் தாங்காது. "அக்கா, நான் படிச்சது ஒரே ஒரு வருஷம். இதுவரைக்கும் அறுத்தது தவளை மட்டும்தான். இவங்க யாராவது தவளையா இருந்தா சொல்லு, பாக்கிறேன்" என்பார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். பாதி வயிற்று வலி அதிலேயே தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சும்மா இருக்க முடியாத மனிதர். பனை எண்ணெயையும் அடுப்புச் சாம்பலையும் காய்ச்சிச் சோப்பு செய்தார். தேய்த்தால் அழுக்கு போகாது, தோல்தான் போகும். சோளத்தைக் கருக வறுத்து இடித்துக் காப்பி போட்டார். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "மச்சான், இத என்ஜின்ல ஊத்தினா கரி மிச்சம்" என்றார். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். எதைப் பார்த்தாலும் என்ஜின் ஞாபகம்தான் வரும். ஆனாலும் அந்தக் கறுப்புத் தண்ணீரை ஒரு நாள் கூட மீதி வைத்ததில்லை. மாமா சைக்கிளில் கிள்ளான் வரை போய் உப்பும் கருவாடும் கொண்டு வருவார். வந்ததும் என்னையும் தம்பியையும் உட்கார வைத்துப் பாடம் சொல்லித் தருவார்.

அவர் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்த பழக்கம் ஒன்று உண்டு. வருடம் முடிகிற அன்று எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, அந்த வருடத்தில் தனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சட்டதிட்டம் எல்லாம் கறார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. சலித்துக்கொள்ளக் கூடாது, அழக் கூடாது. நல்ல பதிலுக்கு மாமாவின் பெட்டியிலிருந்து ஒரு பரிசு உண்டு.

ஜப்பான்காரன் வந்ததற்கு அடுத்த வருடத்தின் கடைசி நாளில் முதல் தடவையாக உட்கார்ந்தோம். அப்பா யோசிக்காமல் "டீ" என்றார். நிஜமான டீத்தூள் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. "அது போன வருஷத்துக் கணக்கு அத்தான்" என்று மாமா சொல்லிப் பார்த்தார், அப்பா விடவில்லை. அம்மா, "ரெண்டு நாள் விடாம மழை பெஞ்சிச்சே, யாரும் வெளியில போகாம வீட்டுலயே கிடந்தீங்களே, அதான்" என்றாள். தம்பி மரவள்ளிக்கிழங்கு என்றான். எங்கள் வீட்டில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான், அதனால் எல்லாரும் அவனை ஒரு மாதிரி பார்த்தோம். நான் மாமாவின் காப்பி என்று சொல்லிப் பரிசை அடித்துக்கொண்டு போனேன். பச்சை நிறப் பென்சில் ஒன்று. காக்காய் பிடித்தேன் என்று அம்மா இன்னமும் சொல்வாள்.

அடுத்த வருடம் கதை வேறு. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரப்பர் தோட்டங்களிலிருந்து லோரி லோரியாகப் போனார்கள். எங்கள் வரிசையிலேயே நாலாவது வீட்டுக்காரர் போனார், ஒரு தகவலும் இல்லை. அவர் பெண் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தாள். அவள் வீட்டில் பேச்சு மூச்சே இருக்காது. சயாம் என்ற வார்த்தையைக் கேட்டாலே அம்மா காதைப் பொத்திக்கொள்வாள்.

டிசம்பர் மாத ஆரம்பத்தில் ஒரு மத்தியானம் மண்டோர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பாவின் வேலையிடத்தில் ஆட்களை மேய்க்கிறவர். உள்ளே வரவில்லை, உட்காரவும் இல்லை.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. பாதை போட்டு முடிச்சாச்சாம். இப்பப் பழுது பாக்க ஆள் கேக்கிறான். நம்ம வரிசையில உங்க வீட்டுலேருந்து ஒரு ஆள். பத்தொன்பதாம் தேதி காலையில ஸ்டேஷனுக்கு வரணும். நான் என்னா செய்யட்டும் லா?"

அம்மாவுக்கு அப்போது எட்டு மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. அப்பா போய்விடுவார் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. நாலாவது வீட்டுப் பெண்ணைப் போல நானும் வாயைத் திறக்காமல் பள்ளிக்கூடம் போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளையார் கோயிலுக்குப் போய், அப்பாவை விட்டுவிட்டால் என் பச்சைப் பென்சிலைத் தந்துவிடுகிறேன் என்று பேரம் பேசினேன்.

பிள்ளையாருக்குப் பென்சில் பிடித்திருக்க வேண்டும். நாலைந்து நாள் கழித்து, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என்னை அம்மா இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அப்பா போகல பாப்பா" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. தம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கக் குதித்தேன். அப்பா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். தப்பித்த மனிதருக்கு என்ன கோபம் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

பதினெட்டாம் தேதி மத்தியானம் மாமா கையைத் தட்டி, "எல்லாரும் வாங்க, இன்னிக்கு வருஷக் கடைசி" என்றார்.

"இன்னிக்குப் பதினெட்டுதானே மாமா? இன்னும் எவ்வளவோ நாள் இருக்கே!" என்றேன்.

"அது பழைய கணக்கு. இப்ப நம்ம டோக்கியோ கணக்குல இருக்கோம்ல? அங்க எல்லாமே முன்னாலயே வந்துரும்."

நான் நம்பிவிட்டேன். நம்பாமல் என்ன செய்வது? ஜப்பான்காரன் வந்ததும் முதல் வேலையாக எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னவன். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் அப்பா ஸ்டூல் போட்டு ஏறி முள்ளை நகர்த்தியதை நானே பார்த்திருக்கிறேன். சாயங்காலம் மணி ஆறு என்று காட்டும், வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கும். பள்ளிக்கூடத்திலோ ஜப்பான் கணக்கில் இது இரண்டாயிரத்து அறுநூற்று மூன்றாம் வருடம் என்று எழுதச் சொன்னார்கள். அறுநூற்று அறுபது வருடத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தவனுக்கு டிசம்பரில் பதிமூன்று நாள் எம்மாத்திரம்?

அன்றைக்கு அம்மா சோறு ஆக்கியிருந்தாள். மரவள்ளிக்கிழங்கு கலக்காத வெறும் அரிசிச் சோறு. பிரசவத்துக்கு என்று ஒளித்து வைத்திருந்த அரிசி அது. கிள்ளான் கருவாட்டுக் குழம்பு. தம்பியும் நானும் அள்ளி அள்ளித் தின்றோம். அம்மா மாமாவின் தட்டில் மட்டும் கேட்காமலே வைத்துக்கொண்டிருந்தாள். "போதும்க்கா, வயிறா பெட்டியா?" என்று அவர் தட்டைக் கையால் மறைத்தார்.

கடிகாரம் ஆறு அடித்ததும் வட்டமாக உட்கார்ந்தோம். தம்பி "சோறு" என்றான், அறிவு வந்திருந்தது. அம்மா "எனக்கும் இன்னிக்குச் சாப்பாடுதான்" என்று தொடங்கி, அது தம்பி சொன்னது என்று நான் கத்தியதும், "அப்போ என் தம்பி சாப்பிட்டது" என்று மாற்றிக்கொண்டாள். அப்பாவின் முறை வந்தது. "எனக்கு ஒண்ணும் வரல மச்சான்" என்று எழுந்துபோய்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். காலையில்தான் கொடுத்திருந்தார்.

நான் ரொம்ப நேரமாகத் துடித்துக்கொண்டிருந்தேன். இந்த வருடமும் பரிசு எனக்குத்தான் என்று தெரியும். எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் சொல்வது மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சத்தமாகச் சொன்னேன்.

"எங்க அப்பா சயாமுக்குப் போகல. எனக்கு அதான் பிடிச்சிச்சு!"

அம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அழக் கூடாது என்பது சட்டம், அதை நான் ஞாபகப்படுத்தவும் செய்தேன். மாமா மட்டும்தான் கை தட்டினார். அவ்வளவு பலமாக அவர் கை தட்டி நான் பார்த்ததில்லை.

"இதுதான் முதல் பரிசு. இத மிஞ்சி ஒரு பதில் கிடையாது" என்று சொல்லி, அரைஞாணில் கட்டியிருந்த சாவியை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தார். "பெட்டியே உனக்குத்தான் பாப்பா."

அடேயப்பா! பெட்டி முழுவதும்! காலேஜ் கோட்டு, தடித்தடியான புத்தகங்கள், மனுஷ எலும்பெல்லாம் வரைந்த படங்கள். நான் சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எது பிடிச்சிச்சு மாமா?" என்று கேட்டேன்.

அவர் எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "எனக்கு இந்த லீவுதான்" என்றார். "எந்தக் காலேஜ் பையனுக்கு இவ்வளவு நீள லீவு கிடைச்சிருக்கு, சொல்லு?"

மறுநாள் நான் எழுந்தபோது மாமா இல்லை. அப்பாவும் வீட்டில் இல்லை, ஸ்டேஷன் வரைக்கும் போயிருப்பதாகச் சொன்னார்கள். அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. "காலேஜைத் திறந்துட்டாங்களாம் பாப்பா. மாமா படிக்கப் போயிட்டாரு" என்றாள். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாரே என்று எனக்கு மாமா மேல் மகா கோபம். பிறகு பெட்டியைத் திறந்து பார்த்ததும் கவலை வந்துவிட்டது. அத்தனை புத்தகமும் அங்கேயே இருந்தது. புத்தகம் இல்லாமல் எதை வைத்துப் படிப்பார் என்று கேட்டேன். அங்கே புதிதாகத் தருவார்கள் என்றாள் அம்மா. அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

மாமா திரும்பி வரவில்லை. எப்போது, எந்த இடத்தில் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. நான் பெரியவளான பிறகுதான் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். மண்டோரைப் போய்ப் பார்த்தது மாமாதானாம். "ஜப்பான்காரனுக்குத் தலை எண்ணிக்கை சரியா இருந்தா போதும் அத்தான், எந்தத் தலைன்னு பாக்க மாட்டான்" என்றாராம். அப்பா அவர் சட்டையைப் பிடித்து, "உன் அக்கா முகத்துல நான் எப்படிடா முழிப்பேன்?" என்று கத்தியிருக்கிறார். "நீங்க போயிட்டா அக்காவுக்குப் பிரசவம் யாரு பாக்கிறது, நானா? நான் பாத்தது தவளைதான்" என்று சொல்லிச் சிரித்தாராம் மாமா. தை மாதத்தில் எங்கள் கடைசித் தங்கை பிறந்தபோது, மருத்துவச்சியைக் கூட்டி வர ஓடியது அப்பாதான்.

ஆனால் இதெல்லாம் தெரிவதற்கு முன்னால் ஒரு டிசம்பர் இருக்கிறது.

சண்டை முடிந்து ஜப்பான்காரன் போன வருடம் அது. அப்பா மறுபடியும் ஸ்டூல் போட்டு ஏறி, ஒன்றரை மணி நேரத்தைத் திருப்பி வைத்தார். ஆறு மணி என்றால் மறுபடியும் ஆறு மணியாக இருந்தது. "இனிமே வருஷக் கடைசியும் முப்பத்தொண்ணாம் தேதிக்குப் போயிரும்தானே?" என்று கேட்டேன். முள்ளைப் பார்த்தபடியே, "அது மட்டும் பதினெட்டுலயே இருக்கட்டும் பாப்பா" என்றார். ஊரெல்லாம் மாறிவிட்டது, இவருக்கு மட்டும் இன்னும் ஜப்பான் பழக்கம் போகவில்லையே என்று நினைத்தேன்.

பதினெட்டாம் தேதி வட்டமாக உட்கார்ந்தோம். பாசார்க் கடைகளில் நிஜமான டீத்தூள் வந்திருந்தது, எல்லார் கையிலும் ஒரு டம்ளர். தம்பி ஏதோ சொன்னான், அம்மா ஏதோ சொன்னாள். அப்பாவின் முறை வந்தபோது டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குப் பிடிச்சது என் மச்சானோட லீவு" என்றார்.

நான் விடுவேனா? துள்ளி எழுந்தேன். "அது மாமா சொன்னது! ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் சொல்லக் கூடாது. வேற சொல்லுங்க!"

அப்பா கீழே வைத்த டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். "சரி பாப்பா. அப்போ டீ" என்றார்.

எனக்கு ஒரே பெருமை. மாமாவின் பதிலை அப்பா திருடப் பார்த்ததையும், நான் விடாமல் பிடித்து நிறுத்தியதையும், காலேஜ் லீவு விட்டு மாமா வந்ததும் முதல் வேலையாகச் சொல்ல வேண்டும் என்று மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.