சாமி படத்து விளக்கும் ரெண்டு ஆம்பியரும்

சாவியைத் திருப்பினால் "டிக்... டிக்..." என்று சத்தம் மட்டும் வந்து அடங்கும், அதன் பிறகு எங்கள் வாசலில் டீசல் உறுமலுக்குப் பதிலாக எங்கள் மூச்சிரைப்புதான் கேட்கும். குழந்தைகளே, அப்பாவின் மினி லாரியை அம்மாவும் அக்காவும் நானும் பின்னாலிருந்து தள்ளித் தள்ளியே என் எட்டாம் வகுப்பு அரையாண்டு கழிந்தது.

மல்லசமுத்திரத்துப் பண்ணைகளில் முட்டை ஏற்றி ஆத்தூரில் இறக்குவது அப்பாவின் வேலை. "ஏனப்பா, உன்ற வண்டி கெளம்பறதுக்குள்ள முட்டையெல்லாம் குஞ்சு பொரிச்சுப் போடுமாட்ட இருக்குது. திங்கக்கெழமையும் இப்பிடின்னா வேற வண்டிக்குச் சொல்லிப்போடுவேன்" என்று பண்ணைக்காரர் சனிக்கிழமை கறாராகச் சொல்லிவிட்டார். பேட்டரியோ புதிது, கடையில் சோதித்து, குறையில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அப்படியானால் வண்டி சும்மா நிற்கும்போது கரண்ட் எங்கேயோ போகிறது, அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கினேன்.

டிப்ளமோ படித்த அக்காவிடம் மஞ்சள் மல்டிமீட்டர் ஒன்று இருந்தது. அதை ஆம்பியருக்குத் திருப்பி, வோல்ட் பார்ப்பதைப் போலவே பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தேன். பொறி பறந்தது, மீட்டருக்குள் ஃபியூஸ் போனது.

"கூறுகெட்டவனே! வோல்ட்டுன்னா வெளிய நின்னு பாக்கலாம். கரண்ட அளக்கோணும்னா வழிய மறிச்சு, மீட்டருக்குள்ள பூந்து போக உடோணும்டா" என்று திட்டிக்கொண்டே அக்கா வேறு ஃபியூஸ் போட்டாள்.

பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, முனைக்கும் ஒயருக்கும் நடுவில் மீட்டரை வைத்தோம். சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருக்க, மீட்டர் இரண்டு புள்ளி ஒன்று ஆம்பியர் என்று காட்டியது. ஹாரன், ஹெட்லைட், வைப்பர் என்று வண்டியின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், எண் அசையவில்லை. "போதும், வாடா சோறு உங்கலாம்" என்றாள் அக்கா. நான் நகரவில்லை.

அப்போதுதான் கண்ணாடிக்கு மேலே பார்த்தேன். முருகன் படத்தைச் சுற்றி எட்டுச் சிவப்பு பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. சாவியை எடுத்தாலும் அணையக் கூடாது என்று அப்பாவே பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்திருந்தார். தினமும் கும்பிட்ட வெளிச்சம்தான். அதை நாங்கள் கரண்ட் என்றே நினைத்ததில்லை.

அந்த ஒயரைப் பிரித்தேன். மீட்டரில் பூஜ்ஜியம்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏஞ் சாமி, அதையா புடுங்கச் சொல்ற?" என்றார், பிள்ளைகளையும் செல்லமாகச் சாமி என்றே கூப்பிடும் அப்பா.

"நீங்களே பாருங்கப்பா" என்று மீட்டரை நீட்டினேன். அவரே ஒயரைச் சேர்த்துப் பார்த்தார், பிரித்துப் பார்த்தார், மறுபடியும் சேர்த்தார். பிறகு, "வண்டி தூங்கறப்ப முருகனும் தூங்கட்டும்" என்று சொல்லி, சாவி போட்டால் மட்டும் எரியும்படி ஒயரை மாற்றினார்.

திங்கட்கிழமை ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது. பழக்கத்தில் பின்னால் கை வைத்திருந்த அம்மாவின் முகமெல்லாம் புகை.

அந்த லாரியும் இல்லை, அந்தக் குண்டு பல்புகளும் இல்லை. ஒயரைக் கழற்றாமலே கவ்விப் பிடித்து அளக்கும் மீட்டர் இப்போது என் பையில் இருக்கிறது. என் வண்டியிலும் முருகன் இருக்கிறார். சாவியை எடுத்ததும் அவருடைய விளக்கு அணைந்துவிடும். "சாமிக்கு இருட்டா இருக்காதாப்பா?" என்று என் மகள் கேட்டாள்.

"காலைல நமக்கு முன்னால அவர் எந்திரிக்கோணுமில்ல, சாமி" என்றேன்.