பம்பில் ஊற்றிய எண்ணெய்

மின்சாரத்துக்காக இலங்கை மலைநாட்டில், அட்டன் பக்கம் அணை கட்டிய காலம். தண்ணீருக்கடியில் மதகு அடைத்துக்கொண்டதால், திருகோணமலையிலிருந்து முக்குளிக்கிற காசிம் நானா வந்தார். அவருக்குக் காற்று அனுப்பும் கைப்பம்பைச் சுற்ற, தேயிலை ஃபெக்டரியில் மெஷினுக்கு எண்ணெய் போடும் என்னைத் தெப்பத்தில் ஏற்றினார்கள்.

கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினேன். பம்பு கிறீச்சிட்டது. ஃபெக்டரியில் கிறீச்சிட்டால் எண்ணெய்தான் மருந்து. மண்ணெண்ணெய் கலந்த மெஷின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன்.

கனத்த உடுப்பை மாட்டிக்கொண்டு நானா கேட்டார்: "தம்பி, பம்புக்குள்ள எண்ணெய் ஏதும் ஊத்தினியா? அந்தக் காத்தத்தான் நான் இழுக்கணும்."

பக்கத்தில் எங்கள் ஃபெக்டரித் தொரை நின்றார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில், "இல்லைங்க நானா" என்றேன்.

"சரி, மாட்டு" என்று தலையைக் குனிந்து கொடுத்தார். காற்றுக்குழாய் பூட்டிய செம்புத் தொப்பியை நான்தான் மாட்டி முடுக்கினேன்.

நானா இறங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவர் இடுப்பில் கட்டிய கயிறு வெறிபிடித்த மாதிரி இழுபட்டது. தூக்கித் தொப்பியைக் கழற்றியபோது என் எண்ணெயின் வாடைதான் முதலில் வந்தது. உள்ளே வாந்தி. முகம் நீலம். உயிர் இல்லை.

மூச்சுத் திணறல் என்று எழுதினார்கள். நான் வாயே திறக்கவில்லை.

இப்போது வயதாகிவிட்டது. பொங்கலுக்குப் பிள்ளைகள் ஆசீர்வாதம் கேட்டு என்முன் தலை குனிகிறார்கள். கை எழும்ப மாட்டேன் என்கிறது.