ஈரம் காயாத கருப்பு பெயின்ட்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு ஏட்டு எங்கள் வீட்டு வாசலில் குனிந்து, என் பையனின் மோட்டார் பைக்கை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் கருப்பு ஒட்டிக்கொண்டது.

அந்த விரலை அப்படியே என்னிடம் நீட்டினார்.

முதலிலிருந்து சொல்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை. இந்த வாரப் பத்தியை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோவையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முரளிக்குக் காக்களூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் நைட் ஷிஃப்ட். காலை ஆறு மணிக்கு வருவான். காபி குடித்துக்கொண்டே ராத்திரி நடந்ததையெல்லாம் ஒப்பிப்பான். அன்றைக்கு என் முகத்தையே பார்க்கவில்லை. "காபி வேணாம்மா" என்று போய்ப் படுத்துவிட்டான்.

ஏழரைக்குப் பால்காரம்மா வந்தார். பாலோடு சேதியும் ஊற்றுகிறவர்.

"டீச்சரம்மா, கேட்டீங்களா? செவ்வாப்பேட்ட ஆளு ஒருத்தரு, சைக்கிள்ல கீரை ஏத்திக்கினு சந்தைக்கு வந்துனு இருந்தாராம். விடியக்காலைல எவனோ மோட்டார் பைக்ல வந்து இடிச்சிட்டான். அவனும் வுயுந்து, ரோட்ல தேச்சிக்கினே போயி, எய்ந்து வண்டிய எடுத்துக்கினு ஓடிட்டானாம். கருப்பு வண்டியாம்."

பாலை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். முரளியின் வண்டி கருப்பு. டேங்க்கில் கை அகலத்துக்குக் கீறல். முன் மட்கார்டில் கீறல். பக்கவாட்டில் இருக்கிற டூல் பாக்ஸ் மூடியிலும் கீறல்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பையனை எழுப்பிக் கேட்டிருப்பீர்கள்.

நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானே — அந்தப் பயம். அவனுக்கு இருபத்து நாலு வயது. நிரந்தர வேலை ஆகி மூன்று மாதம்தான். அவன் அப்பாவுக்கு ஆர்.கே.பேட்டையில் உத்தியோகம், சனிக்கிழமைதான் வருவார். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, பெயின்டர் கன்னியப்பனைக் கூப்பிட ஓடினேன். பீரோ, சைக்கிள், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் டச்சப் செய்கிறவர்.

கன்னியப்பன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"இன்னா டீச்சரம்மா, மாப்ள பாக்க வர்றாங்களா? வண்டிக்குப் பவுடர் பூசச் சொல்றீங்க."

"ஆமாம்" என்றேன். முப்பது வருஷமாகப் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொல்கிற வாய்.

"அப்ப மெதுவா செய்வோம். இத நாலு நாள் காய வுட்டு செஞ்சாத்தான் நிக்கும்."

"இன்னைக்கே முடிக்கணும்."

"மாப்ளைக்கு அவ்ளோ அவசரமா?"

தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தார். அந்தச் சரக் சரக் சத்தத்தில் உள்ளே அவன் விழித்துவிடுவானோ என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. டேங்க் முடிந்தது. மட்கார்டும் முடிந்தது. கருப்பின் மேல் கருப்பு… கீறல் இருந்த இடமே தெரியவில்லை.

அப்போதுதான் ஏட்டு சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். தெருத்தெருவாகக் கருப்பு வண்டி இருக்கிற வீடுகளைப் பார்த்துக்கொண்டு வருகிறாராம். பெயின்ட்டில் கலக்கிற தின்னரின் வாசனை அவரை நேராக எங்கள் வாசலுக்குக் கூட்டி வந்துவிட்டது.

"எதுக்குப்பா பெயின்ட்?" என்று, கருப்பு ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டே கன்னியப்பனைக் கேட்டார்.

"மாப்ள பாக்க வர்றாங்களாம் சார்."

"மாப்ள பாக்க வர்றது எப்ப முடிவாச்சு?" — இது எனக்கு.

ஏட்டு கீரைக்காரர் அடிபட்ட சேதியைச் சொன்னார். கன்னியப்பன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் கையே வெச்சிருக்க மாட்டேன் டீச்சரம்மா. என்னையும் சேர்த்துப் பேஜார்ல மாட்டி வுட்டீங்களே."

"பழைய கீறல் எங்கம்மா?" என்றார் ஏட்டு.

அழித்தாகிவிட்டது. கூலி கொடுத்து ஆள் வைத்து.

கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். பிறகு டூல் பாக்ஸ் பக்கம் உட்கார்ந்தார். அதை மட்டும் இன்னும் தொடவில்லை.

"சார், இங்க வந்து பாருங்க. வண்டி ஓட்டத்துல வுயுந்து தேச்சிக்கினு போனா, கோடு முன்னாலேந்து பின்னால நீட்டா இழுக்கும். இது மேலேந்து கீழ இருக்குது. நிக்கிற வண்டி சாஞ்சு வுயுந்ததால வந்த கோடு. நான் தேச்சு அழிச்ச கோடும் இதே கணக்கா மேலும் கீழுமாத்தான் இருந்துச்சு. கோர்ட்ல கூட சொல்லுவேன்."

ஏட்டு குந்தி உட்கார்ந்து விரலால் கோட்டைத் தடவினார். மேலிருந்து கீழே. மறுபடியும் மேலிருந்து கீழே.

"இது சரி. அது எப்படி இருந்துச்சுன்னு உன் வாய்தானே சொல்லுது" என்றார், டேங்க்கைக் காட்டி. "விட்டு வெச்சிருந்தா பார்த்துட்டுப் போய்க்கிட்டே இருந்திருப்பேன் டீச்சர். பையனைக் கூப்பிடுங்க. ஸ்டேஷனுக்கு வரட்டும்."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பேச்சுச் சத்தத்தில் முரளியே எழுந்து வந்துவிட்டான். காக்கியைப் பார்த்தான். ஈரமான டேங்க்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

ஏட்டு கேட்டதற்கு மடமடவென்று பதில் சொன்னான். பட்டறை ஷெட்டில் லாரி ரிவர்ஸ் வந்து நிறுத்தியிருந்த மூன்று வண்டிகளைச் சாய்த்துவிட்டதாம். வாட்ச்மேன் நோட்டில் எழுதியிருக்கிறாராம். மற்ற இரண்டு வண்டியும் இன்னும் அங்கேதான் கிடக்கிறதாம். ஆசையாக வாங்கிய வண்டி அடிபட்ட வருத்தத்தில்தான் காபிகூட வேண்டாம் என்றிருக்கிறான்.

"ஏன் சார்? என்ன ஆச்சு?"

ஏட்டு சொன்னார். முரளி கேட்ட அடுத்த கேள்வி இதுதான்:

"அவருக்கு இப்ப எப்படி சார் இருக்கு?"

ஏட்டு தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"கால் எலும்பு முறிஞ்சிருக்கு. பெரியாஸ்பத்திரியில கட்டுப் போட்டிருக்காங்க. பொழச்சுக்குவாரு." பிறகு, "காலையிலேர்ந்து எத்தனையோ ஊட்டு வாசப்படி ஏறிட்டேன். இதக் கேட்ட மொத ஆளு நீதான்பா" என்றார்.

அதற்குப் பிறகு ஸ்டேஷனுக்கு வா என்று சொல்லவில்லை. நேராகப் பட்டறைக்குப் போய் வாட்ச்மேனையும் நோட்டையும் சாய்ந்து கிடந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறார். சாயங்காலம் அந்த வழியாகப் போகும்போது, ஒன்றுமில்லை என்று கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

கன்னியப்பன் அரைக் கூலிதான் வாங்கிக்கொண்டார். "மாப்ள பாக்க வந்தா மீதிய முடிச்சிக்கலாம்." சிரிக்காமல் சொன்னார்.

முரளி என்னைத் திட்டவில்லை. சாப்பாடு போட்டேன், சாப்பிட்டான். கை கழுவும்போது மட்டும், "செஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்மா" என்றான். அவ்வளவுதான். அதற்கு மேல் இன்றுவரை பேச்சு சரியாக வரவில்லை, இரண்டு பேருக்கும்.

பெற்றவர்களுக்குப் பயம் இருப்பது இயற்கை என்று இதே இடத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். நீங்களும் ஆமாம் ஆமாம் என்று கடிதம் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் காலை ஏழரையிலிருந்து பதினொன்று வரை, ரோட்டில் விழுந்த அந்த மனிதர் இருக்கிறாரா இல்லையா என்று ஒரு தடவையாவது நினைத்தேனா? இல்லை. பெயின்ட் காய்ந்துவிட்டதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருப்பு வண்டிக்காரன் இன்னும் அகப்படவில்லை. அடிபட்டவரைப் பார்க்காமல் போனது அவன் மட்டுமல்ல, நானும்தான் என்பது எனக்குத் தெரியும் — ஏட்டுக்கும் தெரியும், கேஸ் போடத்தான் சட்டத்தில் இடமில்லை.