கை காட்டினால் நிற்கும் வான்

ஏறாவூர் உசனாரைக் காப்புறுதித் தாள் இப்படி வர்ணிக்கிறது: ‘தொழில்முறை வேகப்பந்தய ஓட்டுநர். உயிராபத்துள்ள போட்டிகளில் ஈடுபடுபவர்.’ காப்புறுதிக்காரரைக் குறை சொல்ல முடியாது. பந்தயத்துக்குப் போகிறவரை எழுத அவர்களிடம் வேறு வசனம் இல்லை. உசனார் பேக்கரியிலிருந்து வானில் பாண் ஏற்றித் தெருத்தெருவாக விற்கும் வியாபாரி. அவருடைய மொறிஸ் வானைச் சைக்கிளில் மீன் கொண்டு போகிறவர்கள் முந்துவார்கள். முந்தும்போது சுகமும் விசாரிப்பார்கள்.

வானுக்கும் உசனாருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. முப்பது குதிரைவலு என்பது பேச்சு. அவற்றில் சில குதிரைகள் எப்போதோ மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டன என்பது ஊரின் அபிப்பிராயம்.

ஆனால் பாண் வானுக்கு ஓடத் தெரிவதைவிட நிற்கத் தெரிய வேண்டும். ஒருமுறை தன்னாமுனையில் டோறா என்ற பெண் கை காட்டியதைக் கவனிக்காமல் உசனார் கடந்துவிட்டார். டோறா தவக்காலம் முழுவதும் அவரிடம் பாண் வாங்கவில்லை. உயிர்த்த ஞாயிறு கழிந்துதான் மன்னித்தாள். அதன் பிறகு எந்தக் கையையும் அவர் கடந்ததில்லை. தலை சீவக் கை தூக்கியவர்களுக்கும் பாண் விற்றிருக்கிறார்.

மருமகன் றிஸ்லான் கட்டாரிலிருந்து திரும்பியதோடு சிக்கல் தொடங்கியது. அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மகள் பரீனாவின் கலியாணத்தோடு வீடும் வளவும் அவள் பெயருக்குப் போயின. வான் நிற்கும் கொட்டிலும் அந்த வளவில்தான். றிஸ்லான் புதிதாக வாங்கிய கார் வெயிலில் நின்றது. வான் நிழலில் நின்றது.

“மாமா, பழைய இரும்பு எடுக்கிறவன் கேக்கிறான். குடுத்திட்டு வேற வானொண்டு எடுப்பம். இது மணிக்கு அறுபதும் ஓடாது.”

“ஆரு சொன்ன ஓடாதெண்டு?”

“ஓடினா நான் இனி இந்தக் கதையே எடுக்க மாட்டன்.”

“ஓடாட்டி நானே கொண்டுபோய் இரும்புக்கடையில விடுறன். மறுகா என்ன?”

அடுப்படியிலிருந்து பரீனா, “ரெண்டு பேரும் என்ட தலையப் போட்டு உருட்டாம, எங்கயாவது ஓடிப் பாத்திட்டு வாங்க” என்றாள். எரிச்சலில் சொன்னதுதான். வீட்டுக்காரியின் வாயிலிருந்து வந்ததால் தீர்ப்பாகிவிட்டது.

மட்டக்களப்பு டவுனில் கராஜ் வைத்திருக்கும் கொன்ராட், ஒவ்வொரு கோடையிலும் பழைய வாகனங்களுக்குக் கதிரவெளிப் பக்கம் வேகப் போட்டி வைப்பார். ஓடுகிறவர் காப்புறுதி எடுத்தாக வேண்டும். களப்பு வற்றிய இடத்தில் உப்புப் பூத்து, தரை கண்ணெட்டிய மட்டும் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும். குறித்த தூரத்தைப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை ஓட வேண்டும். இரண்டின் சராசரிதான் வேகம். காற்று போகும்போது கொடுப்பதை வரும்போது பிடுங்கிவிடும் என்பதால் அப்படி ஒரு சட்டம். மாடுகள் குறுக்கே வராமல் பார்க்க றிஸ்லானைப் பாதையின் நடுப்பகுதியில், ஓரமாக நிறுத்தினார் கொன்ராட்.

பாண் தட்டுகளை இறக்கிவிட்டு உசனார் புறப்பட்டார். நாலாம் கியரைப் போட்டார். பாண் தெருக்களில் அந்தக் கியருக்கு வேலையில்லை. அப்படி ஒன்று இன்னும் இருக்கிறதா என்றே அவருக்குச் சந்தேகம். இருந்தது. கதவுகள் கலகலக்க, காலடித் தகரம் அதிர, வான் அறுபத்தைந்தில் போய் முடித்தது.

கொன்ராட் போனில் சொன்னபோது றிஸ்லான் நம்பவில்லை. “உங்கட மணிக்கூட்டப் பாருங்க” என்றான்.

வரும்போது வான் இன்னும் வேகம் பிடித்தது. அந்த நீல வான் உப்புத்தூளைக் கிளப்பிக்கொண்டு வெள்ளைத் தரையில் வருவதைப் பார்த்த றிஸ்லானுக்குத் தான் எந்தக் கட்சி என்பது மறந்துபோனது. “அடிங்க மாமா” என்று கத்தியபடி கையை உயர்த்தினான்.

இஞ்சின் இரைச்சலில் சத்தம் உள்ளே போகவில்லை. கை மட்டும் தெரிந்தது. உசனாரின் கால் பிரேக்கில் இறங்கியது. வான் வழுக்கி, அரைவட்டம் அடித்து, இஞ்சினும் அணைந்து, றிஸ்லானுக்கு நேர் எதிரே நின்றது. உசனார் தலையை வெளியே நீட்டினார்.

“எத்தின பாண்?”

“மாமா, ஓட்டம் முடியல்ல. போங்க மாமா.”

அப்போதுதான் இது தெரு அல்ல என்பது உசனாருக்கு உறைத்தது. இஞ்சினைக் கெஞ்சிக் கிளப்பிப் போய்ச் சேர்ந்தபோது கொன்ராட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சராசரி நாப்பதுக்கும் கீழ, உசனார். உங்களுக்கெண்டு நான் தனிச் சட்டம் எழுதேலாது.”

திரும்பும் வழியெல்லாம் சண்டை.

“கை காட்டினது நான். இது கணக்கில்ல மாமா.”

“கை உன்ட, கால் என்ட. தோத்தாத் தோத்ததுதான்.”

“அறுபத்தஞ்சு ஓடிச்சே.”

“பாதிக்கு ஓடினத ஓட்டமெண்டு சொல்லுறயா?”

வானை ஒழித்துக்கட்ட நின்றவன் அதற்காக வாதாட, அதற்காகவே கதிரவெளி வரை போனவர் இரும்புக்கடைக்கு வழி கேட்டார். ஏறாவூர் வந்தும் முடியவில்லை. பரீனா இருவருக்கும் சோற்றைப் போட்டுவிட்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை உசனார் சொன்ன சொல்லைக் காப்பாற்ற, இரும்புக்கடைக்குப் போக வானைக் கிளப்பினார். படலையைத் தாண்டித் தெருவில் ஏறியதும் எதிரே றிஸ்லான். சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையை உயர்த்தியபடி நின்றான்.

வான் நின்றது.

“என்ன?” என்றார் உசனார்.

“ரெண்டு பாண்.”

“வானுக்குள்ள ஒண்டுமில்ல.”

“அப்ப பேக்கரியில ஏத்திட்டு வாங்க. நான் நிக்கிறன்.”

உசனார் அவனைப் பார்த்தார். கை இறங்கவில்லை. மருமகன் என்றால் வாதாடலாம், கை காட்டி நிற்கிற வாடிக்கையாளரோடு என்ன பேச முடியும்? “றோஸ் பாணா, அச்சுப் பாணா?” என்று கேட்டார்.

கார் இன்னும் வெயிலில்தான் நிற்கிறது. காப்புறுதித் தாளை யாரும் திருத்தவில்லை. அன்று காலை உசனார் பேக்கரிக்குப் போய்ப் பாண் ஏற்றி, மருமகனுக்கு இரண்டு கொடுத்துவிட்டு, மிச்சத்தை விற்கத் தன்னாமுனைக்குப் போனார்.