உலைக்குள் பூசிய திருநீறு: கார் இல்லாமல் போர்ட் கிரெடிட் போய்வந்த கதை

கார் இல்லாமல் ரொறொன்ரோவைச் சுற்றுவது பற்றித்தான் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். வழக்கமாக ஏரிக்கரை, இலை நிறம் மாறும் இடங்கள், எங்கே நல்ல கொத்துரொட்டி கிடைக்கும் என்று போகும். இந்தமுறை அப்படி ஒன்றுமில்லை. முதியோர் இல்லத்தில் இருக்கும் என் பழைய முதலாளியைப் பார்க்கப் போனேன். நவம்பர் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. கண் ஒப்பரேசன் செய்து பன்னிரண்டு நாள்தான்; டொக்டர் ஸ்ரியரிங்கைத் தொடவேண்டாம் என்றுவிட்டார். "ஒரு மாசம் பொறுத்துப் போங்கோவன், என்ன அவசரம்?" என்றா மனிசி. முதலாளியின் மகள் போனில் கதைத்த விதத்தைப் பார்த்தால் அவருக்கு ஒரு மாதம் இருக்குமோ தெரியாது. எனக்கோ அவரிடம் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஸ்ரௌவ்வில் ஸ்ரேசனில் காலை 9.05 ரெயின். வார இறுதி நாள் ரிக்கற் பத்து டொலர், அன்று முழுக்க எத்தனை தரமும் ஏறி இறங்கலாம். போனிலேயே வாங்கலாம். நகர நடுவில் இருக்கும் யூனியன் ஸ்ரேசனுக்கு ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும். அங்கே முப்பது நிமிசம் நின்று மேற்கே போகும் ரெயின் எடுத்தால் அரை மணித்தியாலத்துக்குள் மிசிசாகாவின் போர்ட் கிரெடிட். மழையுமில்லாமல் பனியுமில்லாமல் ஒரு அரியண்டமான தூறல். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி இருந்தேன். பக்கத்துச் சீற் பெண் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டா.

முதலாளி பெயர் ஹெங்க். ஒல்லாந்துக்காரர். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கண்ணாடி ஊதும் பட்டறையில் சேர்ந்தவர். பிறகு அந்த ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் உலை பழுதுபார்க்கும் வேலை. சாதாரண உலை இல்லை. கம்பியூட்டர் சிப் செய்வதற்குச் சிலிக்கன் தட்டுகளை ஆயிரம் பாகைச் சூட்டில் வைக்கும் உலை. கனடாவுக்கு வந்தபோது அவரிடம் இரண்டு பெட்டியும் மனைவியும் அந்த உலையைப் பற்றிய அறிவும்தான். மூடப்பட்ட தொழிற்சாலைகள் கழித்துவிட்ட உலைகளை இரும்பு விலைக்கு வாங்கி, மிசிசாகாவில் ஒரு கராச்சில் வைத்துக் கழற்றிப் பூட்டிப் புதிதாக்கிப் பல்கலைக்கழகங்களுக்கு விற்றார். நான் சேர்ந்தபோது என்னோடு சேர்த்து நாற்பது பேர். சொந்தமாகவே உலை செய்யத் தொடங்கியிருந்தார். மத்தியானம் எங்களோடு இருந்து பாணுக்குள் சீஸ் வைத்துச் சாப்பிடுவார். பிழை விட்டால் கத்துவார், சரியாகச் செய்தால் ஒன்றுமே சொல்லமாட்டார். அதுதான் பாராட்டு.

உலைக்குள்ளே ஒரு குவாட்ஸ் குழாய் இருக்கும், பார்க்கக் கண்ணாடி மாதிரி. அதை வெறும் கையால் தொடக்கூடாது. வியர்வை உப்புப் பட்டாலே உள்ளே வைக்கும் தட்டுகள் பழுதாகிவிடும். இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் வருசா வருசம் ஆயுத பூசைக்கு உலைகளுக்குத் திருநீறும் சந்தனமும் வைப்பது என் வழக்கம். ஹெங்க்கும் வந்து நின்று கடலையும் அவலும் சாப்பிட்டுவிட்டு, "வெளி இரும்பில் மட்டும், தயா" என்பார்.

பதினாறு வருசத்துக்கு முன், எங்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய ஓடர். முதல் உலை அடுத்த நாள் ஏற்றவேண்டும். குழாயை அமிலத்தில் கழுவிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பு முரளியுடையது. தமிழ்நாட்டுப் பொடியன், கெட்டிக்காரன், என்னை அண்ணே அண்ணே என்று கூப்பிடுவான். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனபின், இது நல்லபடியாகப் போய்ச் சேரவேண்டும் என்று எனக்குள் ஒரு பதற்றம். வெளியே வைத்த திருநீறு போதாது போல இருந்தது. உலைக் கதவைத் திறந்து குழாயின் வாயில் மூன்று குறி இழுத்து, சந்தனப் பொட்டும் வைத்துக் கும்பிட்டேன். பிறகு துணியால் துடைத்தேன். துடைத்தால் போகும் என்று நினைத்தேன். விசரன்!

உலையை வாங்கியவர்கள் அதற்குள் போட்ட தட்டுகள் பழுதாகின. ஓடர் போனது. ஹெங்க் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். "உள்ளே ஏதாவது வைத்தாயா?" என்று என்னையும் நேரே கேட்டார். மனிசியைக் கனடாவுக்கு எடுக்கும் ஸ்பொன்சர் பேப்பருக்கு வேலைக் கடிதம் வேண்டியிருந்த நேரம். இல்லை என்றேன். முரளி சரியாகக் கழுவாமல் கையெழுத்துப் போட்டான் என்று முடிவாகி, அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அந்தத் துறையில் அவனை ஒருவரும் எடுக்கவில்லை. மூன்று வருசத்தில் ஹெங்க்கும் கம்பனியை விற்றார்.

போர்ட் கிரெடிட்டில் இருந்து இல்லத்துக்கு ரக்சி, சாரதிக்குக் கொடுத்த ரிப்போடு 18 டொலர். 11.40க்கு உள்ளே போனேன். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். அந்தப் பெரிய கைகள் இரண்டும் சுருங்கிப்போய் மடியில் கிடந்தன. பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கள் கதைத்தது ஆங்கிலத்தில், தமிழில் தருகிறேன்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"எந்தப் பக்கம்? காஸ் வரும் பக்கமா, கதவுப் பக்கமா?"

"கதவுப் பக்கம்."

கண்ணை மூடிக்கொண்டார். "கதவுக்குக் கிட்ட இருந்த தட்டுகள்தான் மோசம். கழுவாமல் விட்டிருந்தால் எல்லாமே ஒரே மாதிரிக் கெட்டிருக்கும். அதைச் சொன்ன அறிக்கை என் மேசையில்தான் இருந்தது. எனக்குப் பழி போட ஒரு ஆள் தேவைப்பட்டான், அன்றைக்கே தேவைப்பட்டான். திரும்ப வாசிக்கவில்லை."

கம்பனி என்னால்தான் போனதா என்று கேட்டேன். கையை விசுக்கினார். "கம்பனி எப்படியும் போயிருக்கும். பெரியவர்களோடு என்னால் ஓடமுடியவில்லை. அது என் கதை. அந்தப் பையன் உயிரோடு இருக்கிறானா?"

"ஓம். மில்லிக்கனில் இருக்கிறான். கட்டடம் ஒன்றில் செக்யூரிட்டி வேலை."

"பிறகு ஏன் இங்கே வந்தாய்?"

சாகப்போகிற மனிசனிடம் சொல்வது லேசு, அதுதான் உண்மை. "நானும் என் பிழையைச் சொன்னேன் என்று அவனிடம் சொல்" என்றார். பிறகு வெளியே நின்ற மகளைக் கூப்பிட்டுத் தன்னைப் படுக்கவைக்கச் சொன்னார்.

திரும்பி வரும்போது பிற்பகல் 3.50க்கு மில்லிக்கனில் இறங்கினேன். ஸ்ரீல்ஸ் பக்கமாகப் பதினெட்டு நிமிச நடை. முரளியைத் தமிழ்க் கடையில் காணும்போதெல்லாம் தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குள் நுழைந்துவிடுகிற எனக்கு, அவன் வீடு எதுவென்று மட்டும் நன்றாகத் தெரியும்.

முரளிதான் கதவைத் திறந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. "அட, தயா அண்ணே! வாங்க, நனைஞ்சிட்டீங்களே" என்று துவாய் எடுத்துத் தந்தான். சப்பாத்தைக் கழற்ற முதலே சொல்லத் தொடங்கிவிட்டேன், கதிரையில் இருந்தால் சொல்லமாட்டேன் என்ற பயத்தில். ஹெங்க் சொன்னதையும் சொன்னேன். முடிந்ததும் குசினிப் பக்கம் திரும்பி, "மாலா, இங்க வா" என்றான். அவன் மனைவி ஈரக் கையோடு வந்தா.

"இப்ப சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கண்ணே. இவ கேக்கட்டும்."

இரண்டாந்தரம் சொல்வது முதல்தரத்தைவிடப் பொல்லாதது. மாலா என்னைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டு நின்றா.

"கழுவினேன் கழுவினேன்னு சொன்னீங்க. நான்தான் நம்பல" என்றா அவனிடம். பிறகு என் பக்கம் திரும்பினா. "எங்கப்பா சாகிற வரைக்கும் இவர் முகத்தைப் பாத்துப் பேசலைங்க, பொறுப்பில்லாதவன்னு. இப்ப எங்கப்பாகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

முரளி கார்த் திறப்பை எடுத்தான். மழைக்குள் நடக்கவேண்டாம், ஸ்ரேசனில் விடுகிறேன் என்றான். நாலு நிமிச ஓட்டம். பயணத்துக்கான குறிப்புகளை இங்கேயே எழுதிவிடுகிறேன். முதியோர் இல்லத்துக்குப் போவதென்றால் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் போங்கோ, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நித்திரையாகிவிடுவார்கள். மில்லிக்கனில் வார இறுதியில் ரெயினுக்கு ஒரு மணித்தியாலம் நிற்கவேண்டி வரலாம், தடித்த ஜக்கற் வேண்டும். யாரிடமாவது மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள் என்றால், உங்களால் பாதிக்கப்பட்ட ஆளிடம் முதல் போங்கோ. என்னைப்போல மிசிசாகா சுற்றிப் போகாதேங்கோ.

காரை நிற்பாட்டி, வைப்பர் ஓட ஓட முன்னாலே பார்த்தபடி முரளி சொன்னான்:

"வந்து சொன்னதுக்கு நன்றிண்ணே. இனிமே கடையில பாத்தா தலையாட்டக்கூட வேணாம்."