பத்துவீல் அண்ணனும் ஆட்டோ பட்டனும்

செல்வராஜ் அண்ணன் இல்லை.

எங்கள் கேம் குரூப்பில் அவர் நம்பரிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று ஆசையாகத் திறந்தேன்... பேசியது அவர் மனைவி சரசு அக்கா.

"அவரு போயிட்டாருங்க. காத்தால எந்திரிக்கவே இல்லீங்க. தெரிஞ்சவங்க ஊட்டுக்கு வாங்க."

என்னை இளம்பிள்ளையில் சேலை விற்கிறவளாக மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஆன்லைனில் கேம் ஆடுவேன். வாள், மந்திரம், ராட்சசன்... டீமாகச் சேர்ந்து அடிக்கும் கேம். அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவது என் வேலை.

டீமுக்குத் தலைவர் செல்வராஜ் அண்ணன். மல்லசமுத்திரத்துக்காரர், பத்துச் சக்கர லாரி ஓட்டியவர். கேமில் அவர் பெயர் 'பத்துவீல்'.

அந்தக் கேமில் சண்டை பேய் வேகம். ராட்சசன் கை ஓங்கினதும் சட்டென்று ஒதுங்கவில்லை என்றால் செத்தோம்.

எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. நாள் முழுக்க கஸ்டமர்கள் "வேற கலர் காட்டுங்க" என்று உயிரை வாங்குகிறார்கள். விளையாட்டிலும் விரல் வலிக்க வேண்டுமா? ஒருவர் மாற்றி ஒருவர், நிதானமாக, நாலு கதை பேசிக்கொண்டே அடிக்கிற பழைய கேம்கள்தான் கேம். அது என் கட்சி.

அண்ணன் எதிர்க்கட்சி.

"நம்ம மொற வர வரைக்கும் ஒக்கோந்திருக்கறதா? லோடு எறக்கற எடத்துல காத்துக் கெடக்கற மாதிரியில்ல இருக்குது அம்மிணி. கையும் கண்ணும் ஒண்ணா ஓடோணும். அப்பத்தான் ஆட்டம்."

சண்டையில் அவர் மைக்கில் கொடுக்கும் குரல் இருக்கிறதே... ரிவர்ஸ் எடுக்கும் லாரிக்குக் கிளீனர் கொடுக்கும் அதே குரல். "வரட்டும்... வரட்டும்... லெப்ட்ல ஒடி அம்மிணி! ஒடி ஒடி! நேராக்கு! போலாம் ரைட்!" ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொல்வதைப் போலவே எங்களை ஒதுங்கச் சொல்வார். முதல் நாள் சிரித்தே செத்தேன். கேமிலும் செத்தேன்.

ஆனால் அந்தக் குரலைக் கேட்டு ஒடித்தால் மேலே அடி விழாது. இது சத்தியம்.

அதைத் தவிர வேறு எதுவும் பேச நேரம் இருக்காது. அத்தனை காலம் சேர்ந்து ஆடியும் அவருக்கு எத்தனை பிள்ளைகள், ஏன் லாரியை விட்டார்... ஒன்றும் எனக்குத் தெரியாது.

போன வருஷம் கேமில் ஆட்டோ பட்டன் வந்தது. ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று நிறையப் பேர் புலம்பியிருப்பார்கள் போல. ஒரு தடவை தட்டினால் போதும். ஆள் தானாகவே ஓடும், அடிக்கும், ஒதுங்கும்.

டீமில் எல்லோருக்கும் கொண்டாட்டம். எனக்கும்தான். பார்சல் கட்டிக்கொண்டே ஆடலாமே!

அண்ணன் மட்டும் போடவில்லை. பழையபடி மைக்கில் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். கேட்டு ஒதுங்கத்தான் ஆள் இல்லை. எல்லோரையும் கேமே ஒதுக்கிவிட்டது.

கொஞ்ச நாளில் அந்தக் குரலும் நின்றுபோனது.

சரி, இப்போதாவது பேச நேரம் கிடைத்ததே என்று ஒருநாள் நானாகக் கதை கேட்டேன். "ஏனுங்கண்ணா, லாரிய எதுக்கு உட்டீங்க?"

"ஆக்சிடென்ட்ல ரெண்டு காலும் போயிருச்சு அம்மிணி. முட்டிக்குக் கீழ ஒண்ணுமில்ல. கட்டில்லயேதான் கெடக்கறேன்."

"பேச்சுத் தொணைக்கு நாங்க இருக்கறமுங்கண்ணா, இனித் தினமும் பேசலாமுங்க" என்று எதையோ உளறினேன்.

"பேசறதுக்கா அம்மிணி வந்தேன்? ஊட்டுக்கு வாரவங்க எல்லாரும் காலப் பத்தித்தான் பேசறாங்க. அடி எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாக்கறேன் பாரு, அந்த நேரம் மட்டுந்தான் கால் நெனப்பு வராது. அதுக்குத்தான் வந்தேன். இப்ப அதுவே அடிச்சுக்குது, அதுவே ஒதுங்கிக்குது. நான் எதுக்கு?"

 

வேகமான வேறு கேம்கள் இரண்டு தேடி அனுப்பினேன். "பாக்கறேன் அம்மிணி" என்றார். பார்க்கவில்லை.

நேற்று மல்லசமுத்திரம் போனேன். ஒருமுறைகூட நேரில் பார்க்காத மனிதரின் முகத்தை மாலை போட்ட போட்டோவில்தான் பார்த்தேன். தாடி வைத்திருப்பார் என்று ஏனோ நினைத்திருந்தேன்... இல்லை.

வாயைத் திறந்ததுமே சரசு அக்கா கண்டுபிடித்துவிட்டார். "சேலைக்கார அம்மிணிங்களா? உங்க சத்தம் நல்லாத் தெரியுமுங்க." உள்ளே போய் அண்ணன் கேம் ஆடும் டேப்லெட்டைச் சார்ஜர் வயரோடு எடுத்து வந்தார்.

"அவரு போன அன்னைக்கிலிருந்து இது நிக்காம ஓடிட்டே இருக்குது. எப்படி நிறுத்தறதுன்னு தெரியலீங்க. சார்ஜ் போட்டே வெச்சிருக்கறேன். அணைஞ்சு போச்சுன்னா என்னாகுமோன்னு பயமா இருக்குது."

வாங்கிப் பார்த்தேன். ஒரு குகை வாசலில் பத்துவீல் ஒற்றை ஆளாக ராட்சசனை வெட்டிக்கொண்டிருந்தார். திரையின் மூலையில் ஆட்டோ பட்டன் எரிந்துகொண்டிருந்தது.

அண்ணன் ஆட்டோ போட்டார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அன்று ராத்திரி தட்டி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார்.

"அவருதானுங்களா அம்மிணி இது?"

"இல்லீங்கக்கா. தானா ஓடுது."

அக்கா குனிந்து அந்த உருவத்தை ஒருமுறை பார்த்தார். "அப்ப நிறுத்தீரு சாமி. போதும்."

பட்டனைத் தட்டினேன். பத்துவீல் வாளைத் தொங்கவிட்டு அப்படியே நின்றார். எதிரில் ராட்சசனின் கை ஓங்கியது. என் விரல் திரைமேல்தான் இருந்தது. இடது பக்கம் தள்ளியிருக்கலாம்...

தள்ளவில்லை.

போங்கண்ணா. உங்களுக்குப் பதிலாக இனி எதுவும் ஆடாது.