இருளாண்டியின் இரண்டு பானைகள்

இருளாண்டிக்கு நிலம் கிடையாது. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்குக் கீழே கூலிக்கு உழுதவர். தன்னுடையது என்று அவருக்கு இருந்தவை, குடிசைக்குப் பின்னால் படுக்கவைத்த இரண்டு பானைகளும் அவற்றில் குடியிருந்த தேனீக்களும்தான். பானை வாயைத் துளையிட்ட சிரட்டையால் மூடியிருப்பார். பங்குனியில் ஓரத்துத் தேனடைகளை மட்டும் அறுப்பார். மற்றதை ஈக்களுக்கே விட்டுவிடுவார். ஊர் மருத்துவச்சியான நான் தீப்புண்ணுக்குப் போட அவரிடம்தான் தேன் வாங்குவேன்.

1956இல் நிலக்காரர் குருநாதன் நாற்பது தேனீப் பெட்டிகளை வரவழைத்துத் தன் தென்னந்தோப்பில் வைத்து, இருளாண்டியைக் காவலுக்கும் பராமரிப்புக்கும் அமர்த்தினார். பெட்டி வேலை வேறு மாதிரி. எல்லா அடைகளையும் எந்திரத்தில் சுற்றித் தேனை ஒரு சொட்டு விடாமல் இறக்கிவிடுவார்கள். மறுபடி பூ வரும்வரை ஈக்களுக்குச் சீனிப்பாகு வைக்க வேண்டும்.

"பிள்ளை பெத்தவளுக்குப் பாக்குற பக்குவமெல்லாம் பானைக்குப் பாக்குறியே," என்று குருநாதன் சிரிப்பார். "பாதித் தேனை விட்டுப்புட்டு என்னத்தலே கண்ட?"

"அதுகளும் திங்கணும்ல, அய்யா."

அடுத்த கோடையில் கண்மாய் வறண்டது. பெட்டித் தேன் முழுக்க இறக்கியாகிவிட்டது, சீனி வரவில்லை. இருளாண்டி மூன்று நாள் தொடர்ந்து குருநாதனிடம் போய்க் கேட்டார்.

"காப்பிக்கே சீனி இல்லலே. செத்தாச் சாகட்டும், மழைக்குப் பெறகு வேற வாங்கிக்கிருவோம்."

"பசிச்ச ஈ எம் பானைக்குல்ல வரும், அய்யா?"

"வந்தா நீ காவல் இருந்துக்க."

நான்காம் நாள் காலையில் வந்துவிட்டன. அவர் வளர்த்த பெட்டி ஈக்கள் அவர் பானை வாயில் மொய்த்துச் சண்டையிட்டன. கீழே பிணமாக விழுந்தன. தோப்பு வேலைக்கும் நேரமாகிவிட்டது. விதைப் பானைக்குப் பூசுவதுபோல் இரண்டு வாயையும் ஈரமண்ணால் இறுகப் பூசிவிட்டுக் கிளம்பினார். சித்திரை வெயில்.

மத்தியானம் அந்தப் பக்கமாகப் போன நான் பானையைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. மண்ணைத் தட்டி எடுத்தேன். மெழுகு உருகி அடைகள் சரிந்திருந்தன. ஈக்கள் அத்தனையும் தேனில் அவிந்து கிடந்தன. ஆள் விட்டு அவரைக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார்.

"திருடன் வராம அடைச்சேன், தாயி," என்றார்.

மூச்சுக்கு ஒரு துளை விட்டிருக்கலாம். அது அவருக்கே தெரிந்துவிட்டது.

மழைக்குப் பின் குருநாதன் புதுப் பெட்டிகள் வாங்கினார். இருளாண்டி அந்த வேலைக்குப் போகவில்லை. தை மாதம் ஒரு தேனீக் கூட்டம் தானாக வந்து அவர் குடிசையோரத்து வேப்பமரக் கிளையில் தொங்கியது. அவர் ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டார். கடைசி ஈ போகும்வரை போட்டார்.